பெரட்டில் வாசித்த கடிதம்

பெர்கமோ, இத்தாலி
10.01.2024

அன்புள்ள தங்கச்சி ஐவிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். உனக்கும் காய்ச்சல் விட்டு, நாக்கில் ருசி திரும்பியிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியதை எண்ணிப் பார்த்தேன். "சாப்பிட்டியா?", "மழையா?", "சரி வைக்கிறேன்." அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் ஆபீஸ் படிக்கட்டில்தான் கிடைக்கிறது, அங்கே நின்றால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்கிறாய். ஆகவே இனி கடிதம். பேனா பிடித்துக் கை வலித்தாலும் பரவாயில்லை.

புது வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். சிஞ்ஞோரா அடெலே என்ற கிழவி, எண்பத்தேழு வயது. குளிப்பாட்டி, சமைத்து, மாத்திரை கொடுத்து, கூட இருக்க வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு பழைய படத்தைப் போடச் சொல்வாள். கறுப்பு வெள்ளை. ராஜா காலத்து உடை, சிரிப்புப் படம். ஒவ்வொரு வியாழனும் அதே படம்தான். பாதியில் குறட்டை விடுவாள், நானும் நிறுத்திவிடுவேன். ஏன் இதையே பார்க்கிறாள் என்று இன்னும் தெரியவில்லை.

பிள்ளைக் காம்பராவில் உன்னை நிரந்தரமாக்கும் கடிதம் வந்ததா? மூன்று வருடமாக அடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு இன்னும் தற்காலிகம் என்றால் என்ன நியாயம்? அம்மாவும் போய், நானும் இங்கே வந்து, லயத்து வீட்டில் நீ ஒற்றையாய் இருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அந்த வேலையாவது நிலைக்க வேண்டும். இன்னும் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாயா? கரண்ட் போனால் என்ன செய்கிறாய்?

உன் அக்கா,
மெரினா

மேல்கணக்கு லயம், கொட்டகலை
11.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். காய்ச்சல் போய் இருமல் மட்டும் மிச்சம். இங்கே காலையில் பனி கொட்டுகிறது, பிள்ளைகள் எல்லாம் போர்வைக்குள் இருந்துதான் வணக்கம் சொல்கிறார்கள். உங்கள் ஊர்க் குளிரை நினைத்து என் குளிரை மறக்கப் பார்க்கிறேன்.

கடிதம் வரவில்லை. ஆனால் நல்ல செய்தி ஒன்று. பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி ஐயா இருக்கிறாரே, அவரே பிள்ளைக் காம்பரா வாசலுக்கு வந்தார். போன இரண்டாம் தேதி. ஆபீஸை விட்டு இறங்காத மனுசன். "ஒங்க பேர நாந்தான் மேல அனுப்பணும் ஐவி. என் கையில இருக்கு, பயப்படாதீங்க" என்றார். மறுவாரம் மறுபடி வந்து, சார்ஜ் போடுகிற சின்ன விளக்கு ஒன்று கொடுத்தார். "தனியா இருக்கிற புள்ள, கரண்ட் போனா இருட்டில பயந்துருவீங்க" என்றார்.

எப்படி அக்கா தெரியும் அவருக்கு? நான் யாரிடமும் சொன்னதே இல்லை. பக்கத்துக் காம்பரா பேச்சியம்மாக்காவிடம் கேட்டேன். "பெரிய எடத்து மனுசங்களுக்குப் பாத்தாலே தெரியும்" என்றார். கிளாக்கர் ஐயாவுடைய சம்சாரமும் பிள்ளைகளும் கண்டியில். பாவம், அவரும் ஒற்றை ஆள்தான்.

படத்தில் என்ன கதை? எழுது.

அன்பு,
ஐவி

பெர்கமோ
08.03.2024

அன்புள்ள ஐவிக்கு,

நலம். உன் நலமும் இருமல் போன செய்தியும் அறிய ஆசை. கொத்தமல்லி அவித்துக் குடி.

கதை கேட்டாயே, கேள். ஒரு சின்ன ஊர், அதற்கு ஒரு கவர்னர். தலையில் மாவு பூசிய டோப்பா, வாயைத் திறந்தால் தேன். அதே ஊரில் ரொட்டி சுடும் விதவை ஒருத்தி, பெயர் ரோசெட்டா. அவள் அடுப்பு மூட்ட வேண்டுமானால் கவர்னரின் முத்திரை குத்திய காகிதம் வேண்டும். இவரும் சாயங்காலமானால் வருவார். கையைப் பிடிப்பார், கண்ணைப் பார்ப்பார், முத்திரையை மட்டும் அரண்மனையில் மறந்துவிட்டு வருவார். அவள் என்ன சும்மாவா? "வந்தது வந்தீங்க, மாவைப் பிசைங்க" என்று விட்டுவிடுகிறாள். டோப்பா மாவுக்குள் விழுகிறது. சிஞ்ஞோரா கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

உன் கிளாக்கர் ஐயா நல்லவராகத் தெரிகிறார். மரியாதையாக நட, வேலை அவர் கையில் இருக்கிறது. ஜெரோஷன் கத்தாருக்குப் போய் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்ட பிறகு நீ யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. அவன் போட்டோவை இன்னும் பைபிளுக்குள் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். எடுத்து அடுப்பில் போடு. உனக்குப் பிடித்த இனிப்பு, தொதல், வாங்கித் தர நான் பக்கத்தில் இல்லை. வருடப் பிறப்புக்கு நீயே வாங்கிச் சாப்பிடு, உடம்பு தேறட்டும்.

அக்கா மெரினா

மேல்கணக்கு லயம், கொட்டகலை
14.04.2024

அக்கா,

சுகம். நீயும் சுகமாக இரு.

வருடப் பிறப்புக்குக் கிளாக்கர் ஐயா ஒரு பெட்டி தொதல் கொண்டுவந்தார். இப்போது அநேகமாக எல்லாச் சாயங்காலமும் வருகிறார். பிள்ளைகளை அம்மாமார் கூட்டிப்போன பிறகு. "போனவன நெனச்சு வாழ்க்கைய வீணாக்கலாமா ஐவி?" என்றார். சனிக்கிழமை அவருடைய குவாட்டர்ஸுக்கு வரச் சொல்கிறார். படிவம் ஒன்று நிரப்ப வேண்டுமாம். ஆபீசில் ஆட்கள் தொந்தரவாம்.

ரோசெட்டா கவர்னர் வீட்டுக்குப் போகிறாளா? அவர் முத்திரையைக் கொண்டுவருகிறாரா?

இன்னொன்று. கடித உறைக்கு ஏன் இவ்வளவு கோந்து போடுகிறாய்? போன தடவை காகிதமும் சேர்ந்து ஒட்டி, பிரிக்கும்போது ஒரு வரி கிழிந்துவிட்டது.

வேறென்ன. மழை.

ஐவி

பெர்கமோ
09.05.2024

அன்புள்ள ஐவிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். முக்கால் பக்கக் கடிதம் எழுதுகிறவளா நீ? நாலு தரம் படித்தேன். என்னவோ உள்ளே வைத்துக்கொண்டு மேலே மழையைப் போட்டு மூடியிருக்கிறாய்.

கோந்தா? நான் கோந்து போடுவதே இல்லையே. இங்கே உறையில் ஒரு தாள்பட்டை இருக்கும், உரித்தால் தானாக ஒட்டிக்கொள்ளும். வீட்டில் கோந்து போத்தலே கிடையாது.

ரோசெட்டா கவர்னர் வீட்டுக்குப் போகிறாள். கூடவே ஊரிலுள்ள எல்லாப் பெண்களுக்கும், கவர்னர் விருந்து வைக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இவர் மெழுகுவர்த்தி ஏற்றி, வாசனை பூசிக் கதவைத் திறந்தால் நாற்பது பேர் தட்டோடு நிற்கிறார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அதற்குப் பிறகு சிஞ்ஞோரா தூங்கிவிட்டாள்.

போன வாரம் படத்தை நிறுத்தச் சொல்லி, திரையில் கூடையோடு போகும் ஒரு பெண்ணை விரலால் காட்டினாள். "நான்தான்" என்றாள். பத்தொன்பது வயதில். இமைத்தால் தவறிவிடும், மூன்று விநாடி. அதைப் பார்க்கத்தான் எல்லா வியாழனும். மேலே கேட்டேன், சொல்லவில்லை.

நீயாவது சொல்லு, புள்ள.

அக்கா

கொட்டகலை
02.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இதை ஆபீஸ் தபால் பையில் போடவில்லை. நாளைக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் ஏறி, கொட்டகலைத் தபாலகத்தில் என் கையால் போடப்போகிறேன். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

நமக்கு லயத்தில் தனி விலாசம் ஏது? தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் போகும், அங்கிருந்து கிளாக்கர் ஐயா கையால்தான் நமக்கு. பிறந்ததிலிருந்து அப்படித்தான், அதனால் யோசித்தே பார்க்கவில்லை. நீ எழுதிய ஒவ்வொன்றையும் அவர் எனக்கு முந்தியே படித்திருக்கிறார். விளக்கும் தொதலும் ஜெரோஷனும் உன் கடிதத்திலிருந்து எடுத்தவை. கோந்தைப் பற்றி நீ எழுதியதையும் படித்திருப்பார். படித்துவிட்டும் என்னிடம் கொடுத்தார். இவளுக்குத் தெரிந்தால்தான் என்ன, என்ன செய்துவிடுவாள் என்ற தைரியம்.

குவாட்டர்ஸுக்கு ஏப்ரல் கடைசியில் போனேன் அக்கா. திட்டாதே. படிவம் எதுவும் இல்லை. தேத்தண்ணி கொடுத்தார். என் கை மேல் கையை வைத்து, "எனக்கும் யாருமில்ல ஐவி. நீங்க மனசு வச்சா நாளைக்கே ஒங்க வேலை நிரந்தரம்" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். உடனே எழவில்லை. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருந்தேன். பயத்தால் மட்டும் இல்லை. இரண்டு வருடமாக என் கையை ஐந்து வயதுக்கு மேற்பட்ட யாரும் தொட்டதில்லை. விளக்கு வந்த அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? என்னை ஒருவர் பார்க்கிறார், நான் சொல்லாமலே என் பயம் அவருக்குப் புரிகிறது என்று நினைத்தேன். புரிந்ததெல்லாம் உன் எழுத்து. அதை நினைத்தால்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

இப்போதும் வருகிறார். நானும் சிரித்துப் பேசுகிறேன். வேலை போய்விட்டால் லயத்துக் காம்பராவும் போய்விடும், எங்கே போவேன்?

இந்தக் கடிதம் கிடைத்ததாகக் காட்டிக்கொள்ளாதே. நீ எழுதும் பதில் அவர் கையில்தான் முதலில் வரும்.

ஐவி

பெர்கமோ
25.06.2024
(பதிவுத் தபால்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம். உன் சுகத்தைக் கேட்டு நாளாகிவிட்டது. கடிதம் தவறிவிடக் கூடாது என்று இந்தத் தடவை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். யாராலும் வரவில்லை என்று சொல்ல முடியாது பார்.

சிஞ்ஞோரா கடைசியில் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மெரினா, நான் அப்போது துணி மில்லில் வேலை. படம் எடுக்க வந்த கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். உனக்கு வசனம் தருகிறேன், பத்துக் காட்சி தருகிறேன் என்றார். என் கையில்தான் இருக்கிறது என்றார். ஹோட்டலுக்கு வா, காகிதத்தில் கையெழுத்துப் போடலாம் என்றார். போனேன். காகிதம் இல்லை. மறுநாள் கூடையைக் கொடுத்து நடக்கச் சொன்னார்கள். என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டார்கள், அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. படத்தில் கவர்னரைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. நான் அதைப் பார்க்கத்தான் எல்லா வாரமும் உட்காருகிறேன். எண்பத்தேழு வயதாகியும் அந்த மனிதரின் பெயரை மறக்கவில்லை. அவருடைய பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியும்."

நான் கேட்டேன், ஏன் சிஞ்ஞோரா அன்றைக்கே யாரிடமும் சொல்லவில்லை என்று. "ஒருத்தியாக இருந்தேன்" என்றாள்.

ஐவி, கண்டியில் எனக்கும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் கடிதம் எழுத எனக்குக் கை இருக்கிறது. இதை யார் படித்தாலும் சுகமாக இருக்கட்டும்.

அக்கா மெரினா

கொட்டகலை
21.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இதையும் நானே தபாலகத்தில் போடுகிறேன்.

காலைப் பெரட்டில் எல்லோரையும் கூட்டி, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்த பிறகு, கடிதம் வந்தவர்களின் பெயரைக் கிளாக்கர் ஐயா கூப்பிடுவார், உனக்குத் தெரியும். பதினெட்டாம் தேதி என்னைக் கூப்பிட்டார். பதிவுத் தபால், கையெழுத்து வாங்க வேண்டும், ஒளிக்க முடியவில்லை. அவர் முகம் வெளிறியிருந்தது. உறையைத் தடவிப் பார்த்தேன். கோந்து இன்னும் ஈரம்.

போய்விடலாம் என்றுதான் திரும்பினேன். அப்புறம் என்ன வந்ததோ தெரியாது. "ஐயா, எனக்கு முந்தி நீங்கதான் படிச்சிட்டீங்களே. இவங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்க" என்றேன்.

அறுபது பொம்பிளைகள், கூடையோடு.

"என்ன புள்ள வெளயாட்டு? வேலைக்குப் போங்க எல்லாரும்" என்றார்.

"அப்ப நானே வாசிக்கிறேங்க" என்று பிரித்தேன். சிஞ்ஞோரா சொன்னதை ஒரு வரி விடாமல் வாசித்தேன். "காகிதம் இல்லை" என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். படத்தில் மாதிரி இல்லை அக்கா, கசந்துபோன சிரிப்பு. நாகலெட்சுமி முன்னால் வந்து, "எம் மவன் துபாயிலேர்ந்து போட்ட கடுதாசியும் இப்பிடித்தான் பிசுபிசுன்னு இருந்துச்சு" என்றாள். ஷாமிலா உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்கும் போன வருடம் ஒரு படிவம் இருந்ததாம்.

அன்று யாரும் மலை ஏறவில்லை. எல்லோரும் நேரே தோட்டத் துரை பங்களாவுக்குப் போனோம். "விசாரிக்கிறேன்" என்றார். என் வேலை என்னவாகும் என்று தெரியவில்லை. பேச்சியம்மாக்கா மட்டும் சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். மற்றவர்கள் என்னோடு பேசக் கூச்சப்படுகிறார்கள். நான் குவாட்டர்ஸுக்குப் போனதும் இப்போது எல்லோருக்கும் தெரியும்.

ஐவி

பெர்கமோ
20.08.2024

என் ஐவிக்கு,

நான் சுகம், பெருமையில் கால் தரையில் படவில்லை. உன் கடிதத்தைச் சிஞ்ஞோராவுக்கு இத்தாலி மொழியில் சொன்னேன். படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அறுபது பேரா?" என்று மூன்று தரம் கேட்டாள்.

ஆனால் இராத்தூக்கம் இல்லை எனக்கு. உன் பயத்தையும் ஆசையையும் பட்டியல் போட்டு அவன் கையில் கொடுத்தது நான்தான். மரியாதையாக நட என்று வேறு எழுதினேன். நானும் அதே லயத்தில் பிறந்தவள், கடிதம் எந்த வழியாக வரும் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு ஒற்றையாய் இருந்தது, பேச ஆள் வேண்டியிருந்தது, எழுதித் தள்ளினேன். மன்னித்துவிடு.

படத்தின் முடிவைப் பார்த்துவிட்டேன். கவர்னர் மன்னிப்புக் கேட்கிறார், எல்லோரும் கைகோத்து ஆடுகிறார்கள், ரோசெட்டாவும் ஆடுகிறாள். எனக்குப் பிடிக்கவில்லை. சிஞ்ஞோராவுக்கும் பிடிக்காதாம். அதனால்தான் அதற்கு முன்பே தூங்கிவிடுவாளாம். இப்போது வியாழக்கிழமை படம் வேண்டாம் என்கிறாள்.

வேலை போனால் போகட்டும். நான் இருக்கிறேன்.

அக்கா

மேல்கணக்கு லயம், கொட்டகலை
06.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். சிஞ்ஞோராவுக்கு என் அன்பைச் சொல். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஒருநாளும் இருந்ததும் இல்லை.

கணேசமூர்த்தி கினிகத்தேனைப் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மாற்றல்தான், தண்டனை இல்லை. அங்கேயும் கடிதம் வரும், அங்கேயும் பொம்பிளைகள் இருப்பார்கள். துரையிடம் அதைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

கிளாக்கர் இடத்துக்குப் புதிதாக வந்திருப்பது சுலக்ஷனா மிஸ். வந்த வாரமே மேசையின் அடி லாச்சியைத் திறந்திருக்கிறார். போன வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் தந்தார். உறையில் என் பெயர். கம்பனியிலிருந்து. பிள்ளைக் காம்பரா உதவியாளர் ஐவி ஞானரட்ணத்தை நிரந்தரமாக்கியிருக்கிறோம், கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும் என்று இருந்தது. தேதி ஜனவரி 24.

கணேசமூர்த்தி முதல் தடவை என் வாசலுக்கு வந்தது பெப்ரவரி இரண்டு. அதற்கு ஒன்பது நாள் முன்பே வேலை எனக்கு நிரந்தரமாகிவிட்டது அக்கா. தருவதற்கு அவரிடம் ஒன்றுமே இருக்கவில்லை. என் கடிதத்தை என்னிடம் கொடுக்காமல் வைத்திருந்தார், அவ்வளவுதான். அதற்காக நான் எத்தனை சாயங்காலம் சிரித்தேன். பல் வலிக்கும்வரை சிரித்தேன். வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துச் சிரித்தேன்.

சுலக்ஷனா மிஸ் பேனா கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். துரையும் போட்டார். "சந்தோஷந்தானே?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன்.

இப்போது கடிதங்களைப் பெரட்டில் எல்லோர் முன்னாலும் பையை அவிழ்த்துத் தருகிறார்கள். இதற்கு வரும் பதிலை எனக்கு முந்தி யாரும் படிக்கமாட்டார்கள். அதனால் உண்மையைச் சொல்கிறேன். நேற்றுச் சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு கதவைப் பூட்டாமல் வாசலிலேயே நின்றேன். யாரும் வரப்போவதில்லை என்று தெரியும், வரவும் கூடாது. இருந்தாலும் இருட்டும்வரை நின்றேன்.

நீ போய் ஆறு வருடம் ஆகிறது. பதில் எழுத வேண்டாம் அக்கா. வா.

உன்
ஐவி